நாட்டுப்படையும் நாட்டுக் காவலும்

திருக்குறளிற் படைமாட்சி என்னும் அதிகாரத்தை உயர் வகுப்பிற் பாடஞ் சொல்லும்பொழுதெல்லாம், பரிமேலழகர் உரையில் வரும் ஒரு பகுப்பினை மாணவர்க்கு எடுத்துரைப்பது நமது வழக்கம். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படை அறுவகைப்படும் என்பதே அப்பகுப்பு. வழிவழியாக வந்து அரசனோடு ஒன்றி நிற்பது மூலப்படை. பொருள் கொடுத்துச் சேர்க்கப்படுவது கூலிப்படை. நாட்டு மக்களிடையிருந்து திரட்டப்படுவது நாட்டுப்படை. ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இக்காலத்து நாடுகளின் படைகள் இவ்வாறனுள் எவ்வகையைச் சேர்ந்தவை?” என்று வினாவினான். வினா எளிது; விடை எளிதன்று. அன்று பாடவேளை முடிந்து மணியும் அடித்துவிட்டமையால் முற்றச் சொல்ல இயலாது போன அவ்விடையினை, இவ்விழா மலரின் வாயிலாகச் சொல்ல முற்படுகின்றோம்.

படை என்னும் சொல் நம்மவர் செவியில் இனிது ஒலிப்பதன்று என்பதை நாம் அறிவோம். 1983 தொடக்கம் 2009 வரை இந்நாட்டிலே நிகழ்ந்த போரின் வடுக்களை இன்னும் சுமந்து நிற்கும் மக்கள் நாம். ஆயினும், ஒரு பொருள் நமக்குத் துன்பந் தந்தது என்பதனாலேயே அதனை ஆராயாது விடுதல் கல்விமான்களுக்கு அழகாகாது. ஒரு நாட்டைக் காப்பவர் யார், அவர் எங்கிருந்து வருகின்றனர், காவல் முடிந்தபின் எங்கே செல்கின்றனர் என்னும் வினாக்கள், அந்நாட்டு மக்கள் எல்லாரையுந் தொடுவன. ஆதலின், வளர்ந்துவரும் நாடுகளின் பாதுகாப்பிற் சேமப்படை வகிக்கும் இடத்தை ஈண்டு ஒருவாறு காண்பாம்.

சேமப்படை என்பது யாது? ஆண்டு முழுவதும் படைவீட்டில் இருந்து, படைத்தொழில் ஒன்றையே தொழிலாகக் கொண்டு வாழ்வோர் நிலைப்படையினர். சேமப்படையினரோ உழவராகவும், ஆசிரியராகவும், மருத்துவராகவும், சாரதிகளாகவும், கணக்கராகவும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருப்பவர். முன்னரே பயிற்சி பெற்றவர். ஆண்டுதோறும் சில நாள் அப்பயிற்சியைப் புதுக்கிக்கொள்பவர். நாடு அழைக்கும்போது சீருடை தரித்து வந்து, இடர் நீங்கியபின் மீண்டுந் தம் தொழிலுக்குச் செல்பவர். ஊரில் ஒரு வீடு தீப்பற்றினால், அயலார் அனைவரும் வாளியுங் குடமுமாக ஓடிவருகின்றனர். தீ என்றோ ஒருநாள் பிடிக்கும் என்று எண்ணி, நூறு பேருக்குச் சம்பளங் கொடுத்துக் கிணற்றடியில் நிறுத்திவைக்கும் ஊர் எதுவும் இல்லை. ஆனால், ஓடிவருவோருக்கு வாளி எங்கே இருக்கின்றது, யார் இறைப்பது, யார் வாங்கி ஊற்றுவது என்பன முன்னரே தெரிந்திருப்பின் அவ்வீடு பிழைக்கும். தெரியாவிடின் கூட்டமே மிஞ்சும். சேமப்படையின் தத்துவம் முழுவதும் இவ்வுவமையினுள் அடங்கும்.

வளரும் நாடுகளுக்கு இம்முறை ஏற்றதாதற்குரிய முதற் காரணம் பொருள் பற்றியது. பாடசாலையும், மருத்துவமனையும், பாதையும், நீர்ப்பாசனமும் வேண்டி நிற்கும் நாடு ஒன்று, தன் வருவாயிற் பெரும்பங்கினைப் படைக்கே செலவிடுமாயின், எதனைக் காக்க அப்படை திரட்டப்பட்டதோ அதுவே தேய்ந்து போகும். நிலைப்படை வீரன் ஒருவனை 365 நாளும் ஊட்டிப் பேணல் வேண்டும். ஆண்டில் 40 நாள் மாத்திரம் அழைக்கப்படுபவனுக்கு ஆகும் நாட்செலவு, அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே. எஞ்சிய நாள்களில் அவன் வயலிலோ, தொழிற்சாலையிலோ, அலுவலகத்திலோ உழைத்து நாட்டின் செல்வத்தைப் பெருக்குகின்றான், வரியும் செலுத்துகின்றான். படைக்கலங்களின் விலை இதனாற் குறைந்துவிடாது என்பது உண்மையே. எனினும், சிறிய நாடொன்று பெரிய படையினை வைத்துக்கொள்ளுதற்கு இதனின் வேறு வழி அரிது.

இவ்வழியைத் தெரிந்தெடுத்து நடந்த நாடுகளுட் சிங்கப்பூரின் வரலாறு நாம் சிறப்பாகக் கற்றற்குரியது. 1965ஆம் ஆண்டு ஆகத்து 9ஆம் நாள் மலேசியாவிலிருந்து பிரிந்து தனிநாடாகிய அந்நாட்டிடம் அன்றிருந்தவை இரண்டே காலாட் பட்டாளங்கள். வீரர் தொகை ஏறக்குறைய ஆயிரம். கடலிலும் வானிலும் காவல் பிரித்தானியரதே. அப்பிரித்தானியரும், 1971ஆம் ஆண்டு முடிவதற்குள் தம் தளங்களை ஒழித்து வெளியேறுவர் என 1968 சனவரியில் அறிவித்தனர். அத்தளங்களால் வந்த வருமானம் அந்நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்காகும். காவலும் போகின்றது, காசும் போகின்றது. இந்நெருக்கடியில் அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சராயிருந்தவர், 1915இல் நமது வட்டுக்கோட்டையிற் பிறந்த சின்னத்தம்பி இராசரத்தினம் என்பது நம்மவர் நினைவுகூரத்தக்க செய்தி. பாதுகாப்பமைச்சராயிருந்தவர் பொருளியல் வல்லுநரான கோ கெங் சுவீ. இவர் இளமையிற் சிங்கப்பூர்த் தொண்டர் படையிற் சேர்ந்திருந்தவர். 1942 பெப்ரவரி 15இல், பிரித்தானியத் தளபதி யப்பானியரிடஞ் சரணடைந்ததைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். பிறர் காவலை நம்பியிருந்த நகரின் கதி யாதாயிற்று என்பதை நூலிற் படித்து அறியவேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

பெரிய நிலைப்படைக்குப் பொருளில்லை, ஆளும் இல்லை. ஆகவே 1967 மார்ச்சு மாதத்திலே தேசிய சேவைச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பிய இளைஞர் ஏறக்குறைய 9,000 பேர் பதிவு செய்தனர். அவருள் பத்திலொரு பங்கினரே முழுநேரப் படைப்பயிற்சிக்குத் தெரியப்பட்டனர். அவரைக் கொண்டு அவ்வாண்டு ஆகத்து 17ஆம் நாள் மூன்றாம், நான்காம் பட்டாளங்கள் தொடங்கப்பெற்றன. ஏனையோர் பகுதிநேரச் சேவைகளில் அமர்த்தப்பட்டனர். பயிற்றுதற்கு அனுபவமுடைய தளபதிகள் இல்லாமையால் இஸ்ரேலிய ஆலோசகர் வருவிக்கப்பட்டனர். அயல்நாடுகளின் சினத்துக்கு அஞ்சி, அவரை “மெக்சிக்கர்” என்று சொல்லி மறைத்துவைத்த செய்தியும் பின்னாளில் வெளிப்பட்டது.

ஈண்டு ஒன்றனை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். இதே சிங்கப்பூரில், 1954ஆம் ஆண்டிற் குடியேற்ற ஆட்சியினர் தேசிய சேவைச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோது, சீனப் பாடசாலை மாணவர் அதனை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு மே 13இல் மாணவருக்கும் பொலிசாருக்கும் இடையே கைகலப்பு நேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், அம்மக்களிடையிருந்தே அடுத்த தலைமுறை இளைஞர் பதிவு நிலையங்களிற் சென்று நின்றனர். சட்டத்தின் பெயர் ஒன்றே. கேட்கப்பட்ட கடமையும் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது, கேட்டவர் யார் என்பது. தமக்கு வாக்குரிமையில்லாத ஆட்சிக்காக உயிர் கொடு என்றபோது மறுத்த மக்கள், தாம் தெரிந்தெடுத்த ஆட்சி தம் வீட்டைக் காக்க வருக என்றபோது வந்தனர். எதிர்ப்பு முற்றாக இல்லாது போயிற்று என்று நாம் சொல்லவில்லை; ஆயின் அது நாட்டை அசைக்கவில்லை. குடிகளிடம் காவலைக் கேட்பதற்கு முன் அவரிடம் நாட்டைக் கொடுத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் முதற் பாடம்.

இனி, அம்முறை நடைபெறும் ஒழுங்கினைச் சிறிது விரிப்பாம். இளைஞன் ஒருவன் ஏறக்குறைய இரண்டாண்டு முழுநேரச் சேவை செய்கின்றான். சேவை முடிந்ததும் தன் பட்டாளத்துத் தோழரோடு ஒருங்கே சேமப்படைக்கு மாற்றப்படுகின்றான். இது சிறிய ஏற்பாடு போலத் தோன்றினும் பெரும்பயன் உடையது. ஆண்டுகள் பல சென்று அழைப்பு வரும்போது, அவன் முன்பின் அறியாதவரோடு நிற்பதில்லை. தன்னோடு பத்தொன்பது வயதில் மழையிற் படுத்துறங்கியவரோடு நிற்கின்றான். பத்தாண்டுப் பயிற்சிச் சுற்றிலே ஆண்டுக்கு 40 நாள் வரையில் அவன் அழைக்கப்படலாம். இக்கடப்பாடு சாதாரண வீரருக்கு 40 வயது வரையும், அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் உண்டு. உடல்வலியினை அளக்கும் தேர்வும் இடையிடையே நடைபெறும். அழைப்பு ஒத்திகை நாளில், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குறிச்சொற்கள் ஒலிபரப்பப்படும். தன் பட்டாளத்தின் குறிச்சொல்லைக் கேட்டவன், கையிலுள்ள வேலையை விட்டுக் குறித்த இடத்துக்குக் குறித்த நேரத்துள் விரைதல் வேண்டும். 1994ஆம் ஆண்டில் அந்நாட்டினர் சேமப்படையினர் என்னும் பெயரையே மாற்றி, போருக்கு ஆயத்தமான தேசிய சேவையாளர் என்று பொருள்படும் பெயரை இட்டனர். சேமம் என்றால் ஒதுக்கி வைத்த மிகுதி என்ற எண்ணம் எழும். அங்கே அவர்களோ மிகுதியல்லர், படையின் பெரும்பகுதியே அவர்கள்தாம்.

இம்முறையின் உயிர்நிலை படைவீட்டில் இல்லை, தொழிற்சாலையிலும் கடையிலும் உள்ளது என்பதைப் பலர் உணர்வதில்லை. தொழிலாளி நாற்பது நாள் சென்றால் முதலாளி இடர்ப்படுகின்றான். சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. திரும்பி வரும்போது தன் நாற்காலியில் வேறொருவன் இருப்பானோ என்ற அச்சம் இருக்குமாயின், எந்த வீரனும் முழுமனத்தோடு பயிற்சி பெறமாட்டான். இதனை அறிந்தே சிங்கப்பூர் அரசு, சேவை நாள்களில் ஒருவன் இழக்கும் வழக்கமான வருமானத்தை ஈடுசெய்கின்றது. சேவைக்கு அழைக்கப்பட்டான் என்பதற்காக ஊழியனை விலக்குவதைச் சட்டத்தாலே தடுக்கின்றது. இவ்விரண்டும் இல்லாத சேமப்படை, ஏட்டிலே பெயர் நீண்ட பட்டியலாக இருக்குமேயன்றிக் களத்துக்கு வாராது.

படைவீட்டில் மற்றொரு நன்மையும் விளைந்தது. செல்வன் மகனும் வறியவன் மகனும் ஒரே கூடத்தில் உறங்கினர். ஒரே உணவை உண்டனர். சீனம், மலாய், தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழி பேசிய இளைஞர் அணிவகுப்பிலே மலாய் மொழிக் கட்டளைக்கு ஒருங்கே அடியெடுத்து வைத்தனர். பல பாடசாலைகள் பல மொழிகளிற் பிரித்து வளர்த்த பிள்ளைகளை, அந்தப் பயிற்சித் திடல் ஒன்றுசேர்த்தது என்று அந்நாட்டினர் பெருமை கொள்வர்.

ஆயினும், அப்பெருமையின் மேல் ஒரு கறை இருந்தமையை மறைத்தல் ஆசிரியர் கடனன்று. தேசிய சேவை தொடங்கிய முதற் பத்தாண்டிலும் அதன் பின்னரும், மலாய் இளைஞருட் பலர் சேவைக்கு அழைக்கப்படவில்லை. அயல்நாடுகளோடு போர் மூளின் அவர்தம் மனம் எப்பக்கம் சாயுமோ என்ற ஐயமே அதற்குக் காரணம். வெளிப்பார்வைக்கு அது சலுகை போலத் தோன்றும். இரண்டாண்டு மிச்சம் அன்றோ? நடந்ததோ வேறு. அவர்கள் அழைக்கப்படவும் இல்லை. விலக்கப்பட்டதாகப் பத்திரம் பெறவும் இல்லை. எந்நேரத்தில் அழைக்கப்படுவானோ என்று எண்ணி, வேலை கொடுப்போர் அவர்களைச் சேர்க்கத் தயங்கினர். வேலையின்றி நின்ற இளைஞன், தன் நாடு தன்னை நம்பவில்லை என்பதையும் உணர்ந்து நின்றான். பின்னர் அவர்களும் படிப்படியாக அழைக்கப்பெற்றனர். ஆனால், எல்லாக் குடிகளின் படை என்று பெயரிட்டு ஒரு பகுதியினரை வாயிலிலே நிறுத்திவைப்பது எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பதற்கு இது சான்றாக நிற்கின்றது. சுமையிற் பங்கு கொடாமையும் ஓர் இழிவே என்பதை, ஒதுக்கப்பட்டவரே அறிவர்.

கட்டாயமின்றி விருப்பத்தாலேயே அமைந்த சேமப்படைக்கு இந்தியாவின் பிரதேசப்படை தக்க உதாரணம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1949 ஒக்ரோபர் 9இல் அப்போதைய மாதேசாதிபதி சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியாரால் அது தொடக்கிவைக்கப்பட்டது. வேறு தொழிலால் வாழ்பவர்க்கே அதில் இடம் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1962, 1965, 1971ஆம் ஆண்டுப் போர்களில் அப்படையினர் பங்குகொண்டனர். வளரும் நாட்டுக்குச் சேமப்படை போர்க்களத்தில் மாத்திரமன்றிப் பிறவாற்றானும் பயன்படும் என்பதற்கும் அது வழிகாட்டுகின்றது. புகையிரதத் துறையிலும் எண்ணெய்த் துறையிலும் பணிபுரிவோரைக் கொண்ட அணிகள், நெருக்கடி நேரத்தில் இன்றியமையாச் சேவைகளைத் தடையின்றி நடத்துதற்கென அமைக்கப்பட்டன. 1982இல் தேராதூனில் தொடங்கப்பெற்ற சுற்றாடற் பட்டாளமோ இன்னும் வியப்புக்குரியது. முன்னாட் படைவீரரைக் கொண்ட அப்பட்டாளம், சுண்ணாம்புக்கல் அகழ்ந்து மொட்டையாக்கப்பட்ட முசூரி மலைச்சரிவுகளில் மரம் நட்டுக் காட்டை மீட்டது. பகைவனைக் காணாமலே நாட்டைக் காத்த படை அது.

இனி, இம்முறையின் குறைகளையும் சொல்லாது விடின் நமது ஆராய்ச்சி ஒருபாற் கோடியதாகும். முதலாவது, காலம் பற்றியது. சேமப்படை கூடுதற்கு நேரம் வேண்டும். நேரம் வேண்டுமாயின் முன்னறிவிப்பு வேண்டும். 1973 ஒக்ரோபர் 6ஆம் நாள் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. படைவலியிற் பெரும்பகுதியைச் சேமப்படையிலேயே வைத்திருந்த இஸ்ரேல், எல்லையிற் கண்ட அறிகுறிகளைப் பிழைபட உணர்ந்து அன்று காலை வரையில் முழு அழைப்பினை விடுக்கவில்லை. பிற்பகலிற் போர் மூண்டது. முதல் நாள்களில் எல்லையில் நின்ற சிறு தொகையினர் பேரிழப்பிற்கு ஆளாயினர். கூரிய கண் இல்லாதவனுக்கு நீண்ட கை பயன்படாது. இரண்டாவது, திறன் பற்றியது. இக்காலத்து விமானமும், ஏவுகணையும், மின்னணுக் கருவியும் ஆண்டில் நாற்பது நாட் பயிற்சிக்கு எளிதில் வசப்படுவன அல்ல. ஆதலின் நிலைப்படையை முற்றாக ஒழித்துவிடல் இயலாது. சிறிய, தேர்ந்த நிலைப்படை ஒன்று அச்சாணியாக நிற்ப, அதனைச் சுற்றிச் சேமப்படை சக்கரமாக அமைதல் வேண்டும். மூன்றாவது, மனச்சான்று பற்றியது. படைக்கலம் ஏந்துவதைத் தம் சமயம் தடுக்கின்றது என்று கூறி மறுப்போர் எந்நாட்டிலும் உளர். சிங்கப்பூரில் அவ்வாறு மறுத்தோர் சிறை சென்றனர். அவர்க்கு வேறுவகைச் சேவைக்கு இடங்கொடுக்கும் நாடுகளும் உண்டு. குடிகளின் மனத்தைத் துணையாகக் கொள்ளும் முறை ஒன்று, அம்மனத்தை முறிக்கும் முறையாக மாறிவிடலாகாது என்பது நமது கருத்து.

நான்காவது குறையே யாவற்றினும் பெரிது. குடிகளுக்குப் படைக்கலப் பயிற்சி கொடுப்பது, அக்குடிகள் தம்முள் ஒன்றுபட்டிருக்கும்போதே காவலாகும். நாடு பிளவுண்டு கிடக்குமாயின், அதே பயிற்சி பிளவினை ஆழமாக்கும். ஒரு சாரார் மாத்திரம் நிறைந்த படையை மறுசாரார் தம் படை என்று எண்ணார். எண்ணுமாறு அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. நிலைப்படை கூலிக்காக நிற்பினும் நிற்கும். சேமப்படையோ நம்பிக்கையின்றி ஒரு கணமும் நில்லாது. அதனாலன்றோ, சேமப்படையை அமைக்க விரும்பும் அரசு முதலில் அமைக்கவேண்டியது நீதிமன்றத்திற் சமநீதியும், பாடசாலையிற் சமவாய்ப்பும், அலுவலகத்தில் தாய்மொழியிற் பேசும் உரிமையும் என்று நாம் கூறுகின்றோம். இவை உள்ள நாட்டில் அழைப்பு ஒலித்தால் மக்கள் தாமே வருவர். இவை இல்லாத நாட்டிற் சட்டம் ஒன்றே அவரை இழுத்து வரும். இழுத்து வரப்பட்டவன் வாயிலைக் காக்கமாட்டான்.

இப்பொழுது அம்மாணவன் வினாவுக்கு விடை கூறலாம். ஊதியத்துக்குப் படைத்தொழில் செய்வோர் ஒருவகையிற் கூலிப்படையினரே. எனினும் தம் நாட்டின்மேற் பற்றுடையராதலின் மூலப்படையின் இயல்பும் அவரிடத்து உண்டு. சேமப்படையோ வெளிப்படையாக நாட்டுப்படை. பழைய உரையாளர் மூலப்படையையே சிறந்ததாகக் கொண்டனர். இடுக்கண் வந்துழியும் ஊறஞ்சாது நிற்பது வழிவழி வந்த பிணிப்புடையோர்க்கே கூடும் என்பது அவர் துணிபு. இக்காலத்து நல்லரசின் திறமை யாதெனின், நாட்டுப்படையையே மூலப்படை ஆக்குதல். வேந்தனோடு வழிவழி வந்த தொடர்புக்குப் பதிலாக, நாடு என்னுடையது என்னும் உரிமையுணர்ச்சி ஒவ்வொரு குடிமகனிடத்தும் வேரூன்றுமாயின், ஆசிரியனும் உழவனும் சாரதியுமே மூலப்படையாவர்.

இதனை விளங்கிக்கொள்ளுதற்கு நம் பழைய மாணவர் நெடுந்தொலை செல்லவேண்டியதில்லை. கல்லூரி வாயிலைக் கடந்து சென்று, கடல் கடந்தும் தத்தம் தொழிலிலே அமர்ந்திருப்பவர் அவர். கூரை பழுதுற்றது என்றோ, நூலகத்துக்கு நூல் வேண்டும் என்றோ, வறிய மாணவனுக்குக் கட்டணம் இல்லை என்றோ தாயகத்திலிருந்து ஓர் ஓலை செல்லுமாயின், உடன் படித்த தோழரோடு ஒருங்கு திரண்டு வருகின்றனர். அவரை வரச்செய்யும் சட்டம் எதுவும் இல்லை. இது தம்முடைய கல்லூரி என்ற ஒன்றே அவரை அழைக்கின்றது. கல்லூரிக்கு அவர் எவ்வாறோ, நாட்டுக்கு அவ்வாறு குடிகள் ஆதல் வேண்டும். அவ்வாறு ஆகுமாறு நாடும் தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். அந்நாள் வருக என இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.